சுடாத வெளிச்சம்

வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தங்கள் கையாலேயே கட்டும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



போன ஆடி மாதம் ஒருவர் தன் ஆம்ப்ளிஃபயரைப் பழைய வேட்டியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வாங்கி ஓராண்டு ஆகியிருந்தது. முன்னால் கனத்த அலுமினியப் பலகை, பின்னால் டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் பளபளப்பான மூடிகள், நடுவில் நான்கு வால்வுகள். அடிப்பாகம் வரை கண்ணாடியாகவே இருக்கும் சின்ன வகை வால்வுகள் அவை. இடப்பக்க ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்றார். சுவிட்சைப் போட்டேன். நான்கு வால்வுகளும் அந்த நொடியே ஆரஞ்சு நிறத்தில் பிரகாசமாக எரிந்தன.

நான்கும் எரிகின்றன என்பதால் கோளாறு வேறெங்கோ என்று நினைத்தேன். மின்சாரத்தை நிறுத்தி, சேஸியைக் கவிழ்த்து, ஒவ்வொரு ரெசிஸ்டராக, ஒவ்வொரு கண்டன்சராக மீட்டரை வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. மறுபடி நிமிர்த்தி ஓடவிட்டேன். வேறு எதையோ எடுக்கப் போன கை ஒரு வால்வின் பக்கமாகப் போனது. அதில் அனலே இல்லை. விரலால் தொட்டேன். சில்லென்று இருந்தது. உள்ளே ஹீட்டர் அறுந்து எத்தனை நாள் ஆயிற்றோ தெரியாது. ஆனாலும் அது மற்ற மூன்றையும் போலவே எரிந்துகொண்டிருந்தது. சாக்கெட்டின் நடு ஓட்டைக்குக் கீழே ஆரஞ்சு நிற எல்.இ.டி. ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்கள். செத்த வால்வுக்கு அந்த விளக்கு உயிர்க்களை கொடுத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இந்த மடல் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கட்டுகிற ஆம்ப்ளிஃபயர்களின் படங்களைப் பார்க்கிறேன். சிலவற்றை நேரிலும் பார்த்திருக்கிறேன். எத்தனை உழைப்பு, எத்தனை ஆசை! ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் அந்த எல்.இ.டி. இருக்கிறது. நீலத்தில்கூட இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எதற்கு எடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுமானால், இந்தப் பெட்டிகளின் தோற்றம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பேச வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

என் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்து வால்வு ரேடியோவின் பின்பக்கத்தைப் பழுப்பு நிற அட்டைப் பலகை ஒன்று மூடியிருக்கும். சூடு வெளியேறுவதற்காக அதில் வரிசையாக ஓட்டைகள் போட்டிருப்பார்கள். இரவில் கடை விளக்கை அணைத்த பிறகு ஒரு பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தால், அந்த ஓட்டைகள் வழியாகச் செம்பொட்டுகள் பின்சுவரில் விழும். யாரும் பார்ப்பதற்காகச் செய்த வேலை அல்ல அது. சூட்டுக்கு வழிவிட்டார்கள், கூடவே வெளிச்சமும் வெளியே வந்தது. முன்பக்கம் திரும்பினால் டயல் கண்ணாடி. அலைவரிசை எண்களும் ஊர்ப்பெயர்களும் ஒரு சின்ன பல்பின் வெளிச்சத்தில் தெரியும். பல்பு உடனே எரியும். சத்தம் வர இருபது முப்பது விநாடி ஆகும். இலங்கை வானொலியின் பாட்டு தொலைவிலிருந்து நடந்து வருவது போல மெல்ல எழும்பி வந்து நிற்கும். அந்த இடைவெளியில் பெட்டிக்குள் நடப்பதுதான் வால்வின் வேலை முழுவதும்.

உள்ளே கேதோடு என்ற சின்னக் குழாய். அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுப் பூச்சு. குழாய்க்குள் ஹீட்டர் கம்பி. பெரும்பாலான வால்வுகளில் அதற்கு 6.3 வோல்ட் கொடுக்கிறோம். கார் பேட்டரியின் மூன்று ஈய அமிலக் கலங்கள் சேர்ந்து தந்த மின்னழுத்தம் அப்படியே நிலைத்துவிட்டது. ஹீட்டர் சுட்டதும் கேதோடு ஏறக்குறைய 700, 800 டிகிரிக்குப் போகிறது. கொல்லன் உலையில் இரும்பு மங்கிய சிவப்புக்கு வரும் பதம் அது. பகலில் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. அதிலும் அதன் பெரும்பகுதியைப் பிளேட் மறைத்துக்கொண்டிருக்கும். மேலும் கீழும் மைக்கா தகடுகளின் ஓரத்தில் கொஞ்சமாகக் கசியும். வால்வின் உண்மையான வெளிச்சம் அவ்வளவுதான். எல்.இ.டி.யின் ஆரஞ்சுக்கு முன்னால் அது இருக்குமிடம் தெரியாமல் போய்விடுகிறது.

எல்லா வால்வும் அப்படி மங்கல் அல்ல. 845 என்ற பெரிய டிரையோடைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் ஃபிலமென்ட் தோரியம் கலந்த டங்ஸ்டன். 10 வோல்ட், 3.25 ஆம்பியர். அது வேலை செய்ய 1,700 டிகிரி அளவுக்குச் சுட வேண்டும். ஆகவே விளக்கைப் போல எரியும். அதன் வெளிச்சத்தில் புத்தகம் படிக்கலாம். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் 300பி அதற்கு நேர்மாறு. அதன் ஃபிலமென்டில் ஆக்சைடுப் பூச்சு. 5 வோல்ட், 1.2 ஆம்பியர். இருட்டில் உட்கார்ந்து கவனித்துப் பார்த்தால்தான் அந்த இழைகள் தெரியும். இரண்டும் ஒரே குடும்பம், வெளிச்சம் வேறு வேறு. எது எவ்வளவு எரிகிறது என்பதை உள்ளே இருக்கும் உலோகம் முடிவு செய்கிறது. இரண்டுக்கும் கீழே ஒரே நிற எல்.இ.டி.யை வைத்துவிட்டால் அந்த வேறுபாடு போயே போய்விடும்.

வால்வின் நிறங்கள் ரிப்பேர்க்காரனுக்குப் பாஷை. நாடி பிடிக்கிற வைத்தியர் முகத்தையும் நாக்கையும் பார்ப்பது போல நாங்கள் கண்ணாடிக்குள் பார்ப்போம். மங்கிய செந்நிறம் என்றால் ஹீட்டர் நலம். பிளேட்டே சிவந்து பழுத்தால் பயாஸ் போயிற்று, உடனே சுவிட்சை அணை. கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினாற்போல நீலம் படர்ந்து, பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு அசைந்தால் பயமில்லை. பிளேட்டைத் தாண்டிப் போன எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுகின்றன. அதே நேரம், நடுவில் பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையே ஊதாவும் ரோஜாவுமாய் மேகம் போல நின்றால் உள்ளே வாயு புகுந்துவிட்டது. உச்சியிலோ பக்கத்திலோ வெள்ளிப் பூச்சு மாதிரி பளபளப்பது கெட்டர்; மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சுவதற்காக ஆலையில் ஆவியாக்கிப் படிய வைத்த பேரியம் அது. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று நுழைந்தால் அந்த வெள்ளி, பால் நிறமாக வெளுத்துவிடும். இத்தனை செய்தியையும் மீட்டரே இல்லாமல் கண் வாசிக்கும். கீழிருந்து ஒரு செயற்கை ஆரஞ்சைப் பாய்ச்சினால் சிவப்பும் நீலமும் ஊதாவும் அதில் கரைந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

வெளிச்சத்தை அழகுக்கு மட்டும் வைத்தார்களா அந்தக் காலத்தில் என்று ஒரு தங்கை கேட்டாள். பச்சைக் கண்ணைச் சொல்லலாம் என்றேன். ஆர்.சி.ஏ. 1935இல் 6இ5 என்ற பெயரில் வெளியிட்ட வால்வு அது. மந்திரக் கண் என்று விளம்பரம் செய்தார்கள். பச்சையாய் ஒளிரும் சின்ன வட்டம், அதில் விசிறி போல ஒரு நிழல். நிலையத்தை நோக்கித் திருகத் திருக நிழல் குறுகும். முழுதாக ஒடுங்கும் இடத்தில் நிறுத்தினால் நிலையம் துல்லியமாகப் பிடிபட்டிருக்கும். எங்கள் தெருவில் பிள்ளைகள் பாட்டுக்காக வருவதைவிட அந்தக் கண்ணைப் பார்க்கத்தான் வருவார்கள். அத்தனை மயக்கும் அழகு, ஆனால் நொடிக்கு நொடி செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். உழைக்க உழைக்க அதன் பச்சை மங்கும். மங்கிய கண்ணைப் பார்த்தே அந்த வீட்டில் ரேடியோ எத்தனை பாடியிருக்கிறது என்று அப்பா ஊகித்துவிடுவார்.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1953இல் வெளியிட்ட குவாட் 2. பதினைந்து வாட், மோனோ. இரண்டு கேடி66, இரண்டு இஎஃப்86, ரெக்டிஃபயராக ஒரு ஜிஇசட்32. சிறிய, நீளமான சேஸி. இரு முனைகளிலும் கட்டை மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகள், நடுவில் வால்வுகள். பழுப்பும் சாம்பலும் கலந்த அடக்கமான வண்ணம். அந்த அளவுக்கு எதையும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இன்று அதை வாங்குகிறவர்கள் வரவேற்பறையில், கண்ணில் படும் இடத்தில் வைக்கிறார்கள். சிற்பம் மாதிரி என்று சொல்கிறார்கள். சரியான சொல்தான்.

ஆனால் அது யார் கண்ணிலும் படுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. அதற்கென்று தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. குமிழ்களும் அழுத்துபொத்தான்களும் கொண்டது. வீட்டுக்காரர் தொடுவதும் பார்ப்பதும் அதை மட்டும்தான். ஆம்ப்ளிஃபயர் அதற்குக் கேபிள் வழியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டு அலமாரியின் கீழ்த்தட்டில், இருட்டில் உட்கார்ந்திருக்கும். லீக் நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்களும் அதே மாதிரித்தான். ஹரோல்ட் லீக் 1945இல் தன் ஆம்ப்ளிஃபயருக்கு ‘பாயின்ட் ஒன்’ என்று பெயரிட்டார். திரிபு 0.1 சதவீதம்தான் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்ட பெட்டி. அதுவும் அலமாரிக்குள் போய் மறைந்தது.

அலமாரிக்குள் மறையப் போகும் பொருளை ஏன் இத்தனை ஒழுங்காகச் செய்தார்கள்? எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது. என்றாவது ஒருநாள் ரிப்பேர்க்காரன் திறப்பான் என்பது ஒரு காரணம். டிரான்ஸ்ஃபார்மர் எங்கே, வால்வு எங்கே என்பதற்கு ஏற்கெனவே ஒரு சரியான விடை இருந்தது, அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்பது பெரிய காரணம். டிரான்சிஸ்டர் வந்து வால்வு ஒதுங்கிப்போன பிறகுதான், பழைய அலமாரிகளிலிருந்து இவற்றை வெளியே எடுத்தவர்களுக்கு இவை எவ்வளவு அழகு என்று தெரிந்தது. இன்று நீங்கள் முதலிலேயே படம் பிடிப்பதற்காகக் கட்டுகிறீர்கள். குறை சொல்லவில்லை, காலம் அப்படி. ஆனால் நாம் யாரைப் பார்த்து இந்த அழகைக் கற்றோமோ, அவர்கள் படத்துக்காகக் கட்டவில்லை என்பதைக் கட்டும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் ‘சரியான விடை’ என்ன என்று கேட்பீர்கள். மூன்று காரியங்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன: சூடு, எடை, காந்தம். ஒரு இஎல்34 வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், அதாவது ஒன்பதரை வாட். பிளேட் 25 வாட் வரை சூடாக வெளியேற்றலாம். இரண்டையும் கூட்டினால் நீங்கள் கையில் பிடிக்கிற சால்டரிங் அயர்ன் அளவு சூடு. ஸ்டீரியோவுக்கு நான்கு இஎல்34 என்றால் நான்கு சால்டரிங் அயர்னை நட்டு வைத்த மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வைத்தால் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஒன்றின் சூட்டை இன்னொன்று குடித்து, இரண்டும் ஆயுள் குறைந்து போகும். வால்வுகளுக்கு நடுவே விடும் இடைவெளியை வீண் இடம் என்று நினைக்காதீர்கள். கோயில் பிரகாரத்தில் தூண்களுக்கு நடுவே காற்று நடமாட இடம் இருக்கிறதே, அப்படி ஓர் இடம் அது.

காந்தம் இன்னும் சுவாரசியம். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் கசிந்துகொண்டே இருக்கும். அது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் புகுந்தால் ஸ்பீக்கரில் ‘ஊம்’ என்று உறுமும். ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி வைத்தால் உறுமல் குறையும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நேராகவும் அடுத்தது குறுக்காகவும் நிற்பதைப் பார்த்து, வரிசை தப்பிவிட்டது என்று நினைத்த பையன் ஒருவனைத் தெரியும். தன் கட்டுமானத்தில் மூன்று டிரான்ஸ்ஃபார்மர்களையும் ஒரே திசையில் அணிவகுப்பு மாதிரி நிறுத்தினான். கண்ணுக்கு நேர்த்தி. காதுக்கு உறுமல்.

அப்பா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கட்டுகிறவர்கள் உலகமெங்கும் இதைச் செய்கிறார்கள். சேஸியில் ஓட்டை போடுவதற்கு முன்னால், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் மின்சாரத்தில் இணைத்து, முனைகளை நன்றாக இன்சுலேட் செய்து பலகைமேல் வையுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்ஃபோனைக் கோர்த்துக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மெல்ல நகர்த்துங்கள், திருப்புங்கள். உறுமல் கூடும், குறையும். ஓரிடத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் தோற்றத்தை அந்த நேரத்தில் உங்கள் காது வரைகிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கணம் இதுதான். கண்ணுக்கான வடிவத்தைக் காது முடிவு செய்யும் பொருள் வேறு எத்தனை இருக்கிறது?

அதற்காக, முகத்துக்கு யாரும் மெனக்கெடவில்லை என்று சொல்லவில்லை. நியூயார்க்கின் சால் மரான்ட்ஸ் வரைகலைத் தொழிலில் இருந்தவர். அவருடைய நிறுவனம் 1958இல் கொண்டுவந்த மாடல் 7 ப்ரீஆம்ப்ளிஃபயரின் முகப்பை இன்றைக்கும் பலர் அப்படியே எடுத்தாள்கிறார்கள்: இளம்பொன் நிறப் பலகை, இருபுறமும் சமனாகக் குமிழ்கள், நடுவே சின்ன லீவர் சுவிட்சுகள். வால்வு ஒன்றுகூட வெளியே தெரியாது. கை எதைத் தொட வேண்டுமோ அதுதான் முகம். 1960இல் வந்த மாடல் 9 ஆம்ப்ளிஃபயரில் முன்பலகையின் நடுவில் கப்பலின் வட்ட ஜன்னல் மாதிரி ஒரு மீட்டர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இன்று பலர் தங்கள் பெட்டியில் ஆடும் முள் வைக்கிறார்கள். மரான்ட்ஸின் முள் பாட்டுக்கு ஆடுவதற்கு வைத்ததில்லை. உள்ளே இருக்கும் நான்கு இஎல்34களின் பயாஸை ஒவ்வொன்றாகத் தேர்ந்து சரிபார்க்க வைத்தது. வீட்டுக்காரர் தானே தன் ஆம்ப்ளிஃபயரைப் பராமரிக்கட்டும் என்று நம்பிக்கொடுத்த கருவி. முள் வைப்பதென்றால் அப்படி வையுங்கள்.

மினுமினுப்பு பிடிக்கும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் பிங்காம்டனில் 1961இல் பிறந்த மெக்கின்டாஷ் எம்சி275. சேனலுக்கு 75 வாட், நான்கு கேடி88, முழுக்கக் குரோமியம் பூசிய சேஸி. இது கண்ணைப் பறிக்கவே செய்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வால்வுகள் முன்னே, டிரான்ஸ்ஃபார்மர்கள் கருத்த பெட்டிகளாகப் பின்னே என்று அதன் ஒழுங்கு ஒரே பார்வையில் புரியும். அலங்காரம் அந்த ஒழுங்கின்மேல் ஏறி உட்காரவில்லை.

வால்வை மறைத்தே தீருவது என்று முடிவெடுத்தால் அதிலும் நேர்மை உண்டு. ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்துக்காக ஹான்ஸ் குகெலோட்டும் டீட்டர் ராம்ஸும் 1956இல் வடிவமைத்த எஸ்கே4 ஒரு ரேடியோ கிராம். வெள்ளைத் தகடு, இரு பக்கமும் மரம், மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. முதலில் தகட்டு மூடி போட்டுப் பார்த்தார்கள். பாடும்போது அது அதிர்ந்தது. பிளாஸ்டிக் மூடி அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ரெக்கார்ட் பிளேயர்கள் அந்த மூடியை அணிந்தன. உள்ளே வால்வுகள்தாம். முன்பக்கத்தில் வரிவரியாகப் பிளவுகள். சத்தமும் சூடும் அவற்றின் வழியே வெளியேறும். வால்வைக் காட்டவுமில்லை, காட்டுவதாகப் பாவனையும் செய்யவில்லை.

வால்வின் உடம்பையும் கொஞ்சம் பாருங்கள். பழைய 300பியும் கேடி66ம் அகன்ற இடுப்பும் குறுகிய தலையுமாகக் குடுவை போல இருக்கின்றன. பார்வைக்காக ஊதிய வளைவு இல்லை. உள்ளே மின்முனைகளைப் பிடித்திருக்கும் மைக்கா தகட்டின் விளிம்பு, குறுகிய அந்தத் தலைப்பகுதியில் கண்ணாடியைத் தொட்டுச் சாய்ந்து நிற்கும், அதிர்வில் ஆடாது. பிளேட்டின் கறுப்பு, கரிப்பூச்சு. கறுப்புப் பரப்பு சூட்டை வேகமாக வெளியே கதிர்க்கும். வால்வுக்கு மேலே தொப்பியும் வளையமும் மாட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சூட்டை வெளியே தள்ளவே பிறந்த உடம்பு அது. அதற்குச் சட்டை எதற்கு?

கூண்டு வேறு. கூண்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1959இல் டேவிட் ஹாஃப்லரின் டைனாகோ நிறுவனம் ஸ்டீரியோ 70 என்ற ஆம்ப்ளிஃபயரை 99.95 டாலருக்குக் கட்டிக்கொள்ளும் தொகுப்பாக விற்றது. சால்டரிங் அயர்னையே பிடித்திராதவர்கள்கூடக் கட்டினார்கள். உங்களுக்கெல்லாம் அது மூதாதை. நான்கு இஎல்34களையும் மூடிக்கொண்டு பழுப்பு நிறத்தில் துளைபோட்ட தகட்டுக் கூண்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். இன்று படம் எடுப்பவர்கள் முதல் காரியமாக அந்தக் கூண்டைக் கழற்றி ஓரமாக வைக்கிறார்கள். வால்வின் கண்ணாடி 200 டிகிரியையும் தாண்டும். சேஸிக்குக் கீழே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. வீட்டில் தவழும் பிள்ளை இருக்கும், பூனை இருக்கும், தூசி தட்டும் பாட்டி இருப்பார். கூண்டை அசிங்கம் என்று ஒதுக்காமல், வடிவமைப்பின் முதல் கோட்டிலேயே அதற்கு இடம் கொடுங்கள். துளைகளை எந்த அளவில், எந்த வரிசையில் போடலாம் என்று யோசியுங்கள். அப்பா கடைச் சுவரில் விழுந்த செம்பொட்டுகள் உங்கள் வீட்டுச் சுவரிலும் விழட்டும்.

இன்னொன்று, சேஸியைக் கவிழ்த்தால் தெரியும் உலகம். மேலே கண்ணாடி போலத் துடைத்துவிட்டுக் கீழே கோழி கிளறிய குப்பை மாதிரி ஒயர் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் ஜடை பின்னுவது போல இறுக்கமாக முறுக்கி, சேஸியின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். முறுக்கும்போது ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழிக்கிறது, உறுமல் அடங்குகிறது. ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் அந்த முறுக்கு அப்படியே நிற்கும் பெட்டிகள் உண்டு. மெழுகு நூலால் ஒயர்க் கற்றையைக் கட்டிய முடிச்சுகளும் அப்படியே இருக்கும். கட்டினவரின் பெயர் எங்கும் எழுதியிராது. முடிச்சைப் பார்த்தால் கை தெரியும்.

சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வால்வின் எண்ணை எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். ‘இங்கே இஎல்34’, ‘பயாஸ்’, ‘எச்சரிக்கை: நிறுத்திய பிறகும் மின்சாரம் இருக்கும்’. கண்டன்சர்கள் அணைத்த பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை உங்களுக்குப் பிறகு திறக்கப் போகிறவருக்கு யார் சொல்வது? எழுத்தை எங்கே வைக்கிறோம், எந்த அளவில் வைக்கிறோம் என்பதும் வடிவமைப்புத்தான். அதற்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள்.

நகலெடுப்பதைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. முன்பலகையை மரான்ட்ஸ் மாதிரி, குரோமியத்தை மெக்கின்டாஷ் மாதிரி என்று துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டாம். போன வருடம் ஒரு தம்பி பாத்திரக் கடைக்காரரிடம் பித்தளைத் தகடு வெட்டி வாங்கி மேல்தட்டாகப் போட்டிருந்தான். வார்னிஷ் அடிக்கவில்லை. ஆறு மாதத்தில் ஒவ்வொரு சாக்கெட்டைச் சுற்றியும் தகடு வட்டமாகக் கருத்து, வட்டத்தின் ஓரத்தில் தேன் நிறமாகி, தொலைவில் மஞ்சளாகவே இருந்தது. எந்த வால்வு எவ்வளவு சுடுகிறது என்பதைத் தகடே வரைந்து வைத்திருந்தது. ஏதோ கெட்டுப்போய்விட்டதாக நினைத்துப் புளி போட்டுத் தேய்க்கப் போனான். தேய்க்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கும் பார்க்காத ஒரு முகம் அவன் பெட்டிக்குத் தானாக வந்திருந்தது.

வேட்டியில் சுற்றி வந்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றி மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன். செத்த வால்வுக்குப் பதில் புதிது போட்டேன். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நான்கு எல்.இ.டி.களின் ஒயர்களையும் வெட்டி எடுத்தேன். சுவிட்சைப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. அவர் முகம் வாடியது. “எரியலையேண்ணா” என்றார். எழுந்துபோய் அறையின் டியூப் லைட்டை அணைத்தேன். இருட்டு கண்ணுக்குப் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு நான்கு இடத்தில், மைக்காவின் விளிம்பில், தீக்குச்சி அணைந்த பிறகு தலையில் மிஞ்சுமே, அந்த மாதிரிச் சிவப்பு. “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான் என்றேன். பாட்டு வரத் தொடங்கியது. இரண்டு பக்கமும் வந்தது. அவர் விளக்கைப் போடச் சொல்லவில்லை.

ஐப்பசியில் தொலைபேசியில் அழைத்தார். வலப்பக்கம் இரண்டாவது வால்வில் பிளேட்டுக்கு நடுவே லேசாக ஊதா நிறம் தெரிகிறது, கண்ணாடியை ஒட்டி இல்லை, உள்ளே, முந்தாநாள் இரவுவரை இல்லை, அணைத்து வைத்துவிட்டேன், கொண்டு வரவா என்று கேட்டார். கொண்டு வாருங்கள் என்றேன்.

அன்புடன்,
உங்கள் தெருவில் முன்பு கடை வைத்திருந்த ஒரு ரேடியோ மெக்கானிக்கின் மகன்